ஸ்பானிஷ் பேசும் நாடுகள்: எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இது எதற்கு?

தொடக்கக் கேள்வி, ஜூலை 5 (கும்பகோணம் வாசகர்)

மகள் எட்டாம் வகுப்பு. 'ஸ்பானிஷ் பேசும் நாடுகளும் பண்பாடும்' என்று செயல்திட்டம் கொடுத்திருக்கிறார்கள். கொடி, தலைநகரம், நாணயம், ஒரு நடனம், ஒரு சாப்பாடு. சார்ட், பசை, கலர் பிரிண்ட் என்று 300 ரூபாய் போயிற்று. ராத்திரி 11 மணிவரை உட்கார்ந்து ஒட்டியது அவள் அம்மா. காவிரி எந்த ஊரில் கடலில் சேர்கிறது என்று மகளைக் கேட்டேன், முழிக்கிறாள். முதலில் பூம்புகார், அப்புறம் பெரு என்று வைத்தால் என்ன குறைந்துவிடும்?

ஜூலை 6

ஒரு ஆசிரியையாகச் சொல்கிறேன், சார்ட் பற்றி நீங்கள் சொல்வது சரி. பூம்புகார் முதலில் என்பதில்தான் எனக்குச் சண்டை. அந்த ஊரே பல பாஷைக் கப்பல்காரர்கள் வந்து இறங்கிய துறை. அதை மட்டும் தனியாக எப்படிச் சொல்லித்தருவது?

நன்னிலம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் நானும் இதே சார்ட் வேலையைக் கொடுத்தவள்தான். 21 நாட்டுக் கொடியையும் ஒட்டி வரச் சொன்னேன். 28 சார்ட் வந்தது. எல்லாவற்றிலும் ஒரே ஆள்: பெரிய தொப்பி, மீசை, பக்கத்தில் கள்ளிச்செடி. எல்லாரும் ஒரே கடையில் ஒரே படத்தாளை வாங்கி வெட்டியிருக்கிறார்கள். அந்தத் தாளில் பிரேசில் கொடியும் இருந்தது. 28 சார்ட்டிலும் டிக் போட்டுவிட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "டீச்சர், மெஸ்ஸி பேசறது ஸ்பானிஷ், நெய்மர் பேசறது போர்ச்சுகீஸ். பிரேசிலை எடுத்துடுங்க" என்றான். அதற்கு முந்தைய இரண்டு தேர்விலும் என் பாடத்தில் அவன் பெயில்.

பத்து நாள் கழித்துக் கேட்டேன். கொடியின் நிறம்கூட யாருக்கும் நினைவில்லை. பசை வாசனை மட்டும் நினைவிருந்தது.

ஜூலை 6, இரவு

21 தப்பு. தனி நாடுகள் 20. புவேர்ட்டோ ரிக்கோவையும் சேர்த்து எண்ணிவிட்டேன். அங்கேயும் ஸ்பானிஷ்தான், ஆனால் அது அமெரிக்காவின் ஆட்சிப்பகுதி. 20-இல் ஒன்று ஆப்பிரிக்காவில் இருக்கிறது: எக்குவடோரியல் கினி, 1968-இல் ஸ்பெயினிடமிருந்து விடுதலை. இதை வகுப்பில் யாரும் நம்பவில்லை. உலக உருண்டையைக் கொண்டுவந்து காட்ட வேண்டியிருந்தது.

ஜூலை 9

சார்ட் இல்லாமல் வேறு எப்படித் தொடங்குவது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். நான் திட்டம் போட்டெல்லாம் செய்யவில்லை. கரும்பலகையில் கிழமைகளை எழுதினேன், அவ்வளவுதான். லூனெஸ், மார்த்தெஸ், மியெர்கோலெஸ், ஹுவெவெஸ், வியெர்னெஸ். இன்னொரு ஒப்பித்தல் பட்டியல் வந்துவிட்டது என்று பிள்ளைகள் முகம் தொங்கியது. பேச்சோடு பேச்சாக, லூனா என்றால் அங்கே நிலா என்று சொன்னேன்.

"அப்ப லூனெஸ்னா திங்கள்" என்றாள் ஒருத்தி.

ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். மார்த்தெ என்பது செவ்வாய்க் கோள், மார்த்தெஸ் செவ்வாய்க்கிழமை. மெர்குரியோ புதன். ஹூப்பிட்டர் வியாழன். வேனுஸ் வெள்ளி. ஐந்தும் அப்படியே பொருந்துகின்றன. ஒன்றாம் வகுப்பிலிருந்து டியூஸ்டே, வெட்னஸ்டே என்று படிக்கிறார்கள். அவை வட ஐரோப்பியத் தெய்வங்களின் பெயர்கள், கோள் கண்ணுக்குத் தெரியாது. ஸ்பானிஷில் தெரிகிறது.

அடுத்து நடந்தது என் கணக்கிலேயே இல்லை. பாட்டியோடு நவக்கிரக டூர் போய்வந்த ஒரு பெண் சாக்பீஸை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கும்பகோணத்தை நடுவில் வைத்து, திங்களூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, ஆலங்குடி, கஞ்சனூர் என்று புள்ளி வைத்தாள். மற்றவர்கள் ஒவ்வொரு ஊருக்கும் பக்கத்தில் ஸ்பானிஷ் கிழமையை எழுதினார்கள். கஞ்சனூர், வியெர்னெஸ். ஆலங்குடி, ஹுவெவெஸ். குரு பெயர்ச்சிக் கூட்டம் ஸ்பெயினிலிருந்து பஸ் பிடித்து வந்த மாதிரி இருந்தது.

எங்களுக்குப் பக்கத்து ஊர் திருநள்ளாறு. அங்கேதான் இடித்தது. சனிக்கிழமை ஸ்பானிஷில் சாபதோ, அது யூதர்களின் ஓய்வுநாள் பெயரிலிருந்து வந்தது. தொமிங்கோ ஆண்டவர் நாள். இரண்டிலும் கோள் இல்லை. இந்த இரண்டு நாளுக்கும் ஆங்கிலம் நம் பக்கம் வந்துவிடுகிறது, 'சாட்டர்ன்', 'சன்' இரண்டும் அதிலே அப்படியே இருக்கின்றன. இந்த இரண்டு ஓட்டைதான் அன்றைய வகுப்பிலேயே நல்ல பகுதி என்று இப்போது தோன்றுகிறது. ஐந்து பொருந்தியபோது கைதட்டினார்கள், இரண்டு பொருந்தாதபோதுதான் ஏன் என்று கேட்டார்கள்.

ஜூலை 10

"எல்லாம் நம்மிடமிருந்து போனதுதானே" என்று எழுதிய அன்பருக்கு: இல்லை. ஏழு கோள் பெயரில் வாரம் எண்ணுவது ரோமானியர்களிடம் இருந்தது. நமக்கும் அது மேற்கிலிருந்துதான் வந்தது என்பதே வரலாற்றாளர்கள் முடிவு. என் சக ஆசிரியர் ஒருவரும் இதைக் கேட்டதிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

இன்னொன்று. 16-ஆம் நூற்றாண்டில் நாகப்பட்டினத்துக்கு வந்து உட்கார்ந்தவர்கள் போர்ச்சுகீசியர்கள். அவர்கள் பாஷையில் திங்கள் என்பது 'இரண்டாம் நாள்', செவ்வாய் 'மூன்றாம் நாள்' என்று வெறும் எண்ணிக்கை. ஜன்னல், சாவி, அலமாரி எல்லாம் கொடுத்தவர்கள், கிழமை விஷயத்தில் என் விளையாட்டைக் கெடுத்திருப்பார்கள்.

ஜூலை 17

சத்துணவு.

தட்டில் சாம்பாரை வாங்கிக்கொண்டு வந்து உட்காரச் சொன்னேன். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததையெல்லாம் மனசுக்குள் எடுத்துவிடுங்கள் என்றேன். மிளகாய் போயிற்று. தக்காளி போயிற்று. உருளைக்கிழங்கு பெரு, பொலிவியா மலைகளின் பயிர், அதுவும் போயிற்று. சத்துணவு ஆயா கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப நான் என்னத்தை ஊத்தறது?" பருப்பு, புளி, கத்திரிக்காய், மிளகு என்று சொன்னோம். "இதுக்கு ரசமே வச்சிரலாம்" என்று உள்ளே போய்விட்டார்.

பெயர்களிலும் தடயம் இருக்கிறது. மிளகு போல உறைக்கிற காய் என்பதால் மிளகாய். வந்த பொருளுக்கு நாமே வைத்த பெயர். கொய்யா அங்கே குவயாபா. சப்போட்டா அங்கே சப்போத்தே, அதுவும் ஸ்பானியர் மெக்சிகோவின் நாவாத் மொழியிலிருந்து எடுத்துக்கொண்டது. பள்ளி வாசலில் விற்கிற பாட்டியின் கூடை பாதி மெக்சிகோ என்றதும் அன்றைக்கு வியாபாரம் நன்றாக நடந்தது.

நான் சொல்ல வந்தது சுண்ணாம்பு. வெற்றிலையில் தடவுகிறோமே, அதே சுண்ணாம்பு. மெக்சிகோவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, கழுவி அரைத்துத்தான் ரொட்டி தட்டுகிறார்கள். தோல் கழன்றுவிடும், மாவு பிடி கொடுக்கும். அதைவிடப் பெரிய காரியம், சோளத்துக்குள் அடைபட்டிருக்கும் ஒரு பி வைட்டமினை உடம்பு எடுத்துக்கொள்ள முடியும். ஐரோப்பியர் சோளத்தை எடுத்துப்போனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போனார்கள். வேறெதுவும் வாங்க முடியாமல் சோளத்தையே தின்ற ஏழைகளுக்குத் தோல் வெடிக்கும் நோய் வந்தது. 1735-இல் அதை முதலில் விவரித்து எழுதியவர் ஸ்பெயின் நாட்டு மருத்துவர் ஒருவர்.

கொடிக்கால் வைத்திருக்கிற வீட்டுப் பையன் ஒருவன் கேட்டான்: "விதையைக் குடுத்தவங்க, செய்முறையைச் சொல்லலையா டீச்சர்?" சொல்லியிருப்பார்கள்டா, யார் கேட்டது என்றேன்.

அப்புறம் நம் அரிசிதான் அங்கே 'அர்ரோஸ்' ஆயிற்று என்றும் சொன்னேன். வகுப்பே கைதட்டியது.

ஜூலை 19

கைதட்டல் வாங்கித் தந்த வரியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அர்ரோஸ் வந்தது அரபியிலிருந்து. ஸ்பெயினை ஆண்ட அரபியர் வலென்சியாப் பக்கம் நெல் சாகுபடியையும் அந்தச் சொல்லையும் சேர்த்தே பரப்பினார்கள். அரபிக்கு முந்தைய வேர் அரிசியா, வேறெதுவுமா என்பதில் அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். முந்தாநாள் நான் தீர்ப்பே சொல்லிவிட்டேன். இன்று வகுப்பில் சொன்னபோது "அப்ப நாங்க தட்டினது வேஸ்டா?" என்றார்கள். ஆறுதல் பரிசாக 'அசூகார்' கொடுத்தேன். அது அரபி வழியாக நம் நாட்டுச் சர்க்கரையேதான், அதில் தகராறு இல்லை.

தமிழ்ப் பெருமையைத் தொட்டுக்கொண்டு பாடம் நடத்தினால் பிள்ளைகள் சீக்கிரம் விழித்துக்கொள்கிறார்கள். நான் சீக்கிரம் தூங்கிவிடுகிறேன்.

ஆகஸ்ட் 7

இன்று வியாழன் என்பதால் இது.

வலென்சியா நகரத்துப் பேராலயத்தின் வாசலில் வியாழக்கிழமைதோறும் மதியம் 12 மணிக்குத் தண்ணீர் நீதிமன்றம் கூடுகிறது. பல நூற்றாண்டுப் பழக்கம். எட்டு வாய்க்கால், வாய்க்காலுக்கு ஒருவர், விவசாயிகளே தேர்ந்தெடுத்த விவசாயிகள். கறுப்பு மேலங்கி போட்டு வட்டமாக உட்காருவார்கள். வக்கீல் கிடையாது, மனு கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. யார் மடையை அடைத்தது, யார் முறை தவறித் திருப்பியது என்று கேட்டு அங்கேயே தீர்ப்பு. வழக்குக்காரர்கள் எந்த வாய்க்காலோ, அந்த வாய்க்கால் நீதிபதி தீர்ப்பில் கலந்துகொள்ளக் கூடாது. 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

எங்களூர் கடைமடை. மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தால் இங்கே தண்ணீர் வந்து சேரும்வரை வானத்தைப் பார்க்கிற ஊர். முறைப்பாசனம் என்றால் என்ன என்று இந்தப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நடித்துப் பார்க்கலாமா என்றார்கள். பழைய குடைத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நான்கு பெண்கள் புங்கமரத்தடியில் நீதிபதிகள் ஆனார்கள். ராத்திரியில் யாரோ மூட்டை போட்டு வாய்க்காலை அடைத்தார்கள் என்று நான் ஒரு கற்பனை வழக்கை எழுதிக் கொடுத்திருந்தேன்.

வாதியாக வந்த பையன் தாளை மடித்துப் பையில் போட்டான். "போன வருஷம் எங்க நாத்து காஞ்சப்ப, இவங்க அப்பாதான் எங்க தலைப்பு மடையை அடைச்சது" என்று எதிரே நின்றவனைக் காட்டினான்.

நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. அதற்குள் நீதிபதிகளில் ஒருத்தி, "நானும் அந்த வாய்க்கால்தான், நான் எழுந்துக்கறேன்" என்று எழுந்து தள்ளி நின்றாள். மீதி மூவர் பேசி, ஒரு முறைத் தண்ணீரைத் திருப்பித் தர வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். எதிரே நின்றவன் வாயே திறக்கவில்லை. மதியம் சாப்பிடவும் இல்லை.

ஆகஸ்ட் 9

அவன் அப்பா வந்தார். கேட்டுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டே கேட்டார்: "டீச்சர், நீங்க ஸ்பெயினைப் பத்திச் சொல்லித்தர்றீங்களா, என் வரப்பைப் பத்தியா?"

என்னிடம் பதில் இல்லை. தப்பு என்னுடையது, பையனை அங்கே நிறுத்தியிருக்கக் கூடாது என்றேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து உட்கார்ந்தார். "அந்த ஊர்ல கடைசி வயலுக்குத் தண்ணி போவுதா?" நிலத்தின் அளவுக்குத் தகுந்த பங்கு, ஆற்றில் குறைந்தால் எல்லார் பங்கும் சேர்ந்தே குறையும் என்று படித்ததைச் சொன்னேன். அவர் நம்பிய மாதிரி தெரியவில்லை. "நல்ல லஸ்கரா இருப்பான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். லஸ்கர் என்றால் வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிடுகிற ஆள்.

முந்தாநாள் பெருமையாக எழுதியதை இன்று படித்தால் கூசுகிறது. தூரத்து நாட்டைப் பக்கத்தில் கொண்டுவருவது நல்லது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். தூரமாக இருப்பதிலும் ஒரு வசதி உண்டு, அங்கே யாருடைய அப்பாவும் கிடையாது.

ஆகஸ்ட் 12

அந்த நீதிமன்றத்தில் பேசுவது ஸ்பானிஷே இல்லை, வலென்சிய மொழி என்று பார்சிலோனாவிலிருந்து ஒரு வாசகர் திருத்தியிருக்கிறார். உண்மை. ஸ்பெயினுக்குள்ளேயே காத்தலான், பாஸ்க், கலீசியன் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. 'ஸ்பானிஷ் பேசும் நாடுகள்' பாடத்தில் நான் தேடிப்பிடித்த ஆகச் சிறந்த உதாரணம் ஸ்பானிஷ் பேசவில்லை.

வகுப்பில் இதை ஒப்புக்கொண்டேன். உடனே கேள்வி: "அப்ப அந்த 20 நாட்லயும் முன்னாடி என்ன பேசினாங்க?" சப்போத்தே வந்த நாவாத், பெருவின் கெச்சுவா, பொலிவியாவின் ஐமாரா என்று சொன்னேன். 1492-க்குப் பிறகு கப்பலோடு வந்த வாள், அம்மை, வெள்ளிச் சுரங்கம் எல்லாவற்றையும் சுருக்கமாகத்தான் சொன்னேன், பதின்மூன்று வயதுப் பிள்ளைகள். 1975-இல் பெரு கெச்சுவாவை ஆட்சிமொழி ஆக்கியது. பராகுவே 1992 அரசியல் சட்டத்தில் குவாரனியை ஸ்பானிஷுக்குச் சமமாக வைத்தது. அங்கே பூர்வகுடி அல்லாதவர்கள்கூட வீட்டில் குவாரனி பேசுகிறார்கள். பொலிவியாவின் 2009 அரசியல் சட்டத்தில் ஸ்பானிஷோடு 36 பூர்வகுடி மொழிகள். இந்த 36-ஐக் கேட்டதும் ஒருவன் விசில் அடித்தான்.

மொழி என்றால் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு விளக்கவுரை வேண்டாம். தரையில் நவக்கிரகம் வரைந்தாளே, அதே பெண் கரும்பலகையில் இருந்த தலைப்பில் ஒரு புள்ளியை அழித்து ஒரு 'உம்' சேர்த்தாள்.

ஸ்பானிஷும் பேசும் நாடுகள்.

மூன்று வருஷமாக நான் 'உம்' இல்லாமல் எழுதிவந்த தலைப்பு. இந்த இழைக்கும் அவள் திருத்தியதையே வைத்திருக்கலாம்.

செப்டம்பர் 18

தென்னமெரிக்காவில் உருளைக்கிழங்குக்குப் பாப்பா என்று பெயர். கடைசி எழுத்தை அழுத்திச் சொன்னால் அப்பா. காலாண்டுத் தேர்வில் ஒரு பதில்: "பெரு நாட்டு மக்கள் அப்பாவை அவித்து உண்பர்." அரை மார்க் போட்டேன்.

செப்டம்பர் 29

குவைத்தில் வேலை பார்க்கிற ஒரு பிள்ளையின் அப்பா வீட்டுக்குப் போன் செய்தபோது இவள் லூனெஸ், மார்த்தெஸ் என்று ஒப்பித்திருக்கிறாள். "இதென்ன, எங்க ரூம் பிலிப்பைன்காரன் சொல்றதை நீ சொல்றே?" என்றாராம். பிலிப்பைன்ஸ் 1565 முதல் 1898 வரை ஸ்பெயின் ஆட்சியில் இருந்தது. ஸ்பானிஷ் இப்போது அங்கே ஆட்சிமொழி இல்லை, ஆனால் கிழமை, மேசை, கடிகார நேரம் எல்லாம் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. 20 நாட்டுப் பட்டியலில் வராத நாட்டிலிருந்து ஒரு ஆசிரியர் எங்களுக்குக் கிடைத்தார். வெள்ளிக்கிழமைதோறும் அந்த அறைத் தோழர் போனில் மூன்று சொல் சொல்லித்தருகிறார்.

உச்சரிப்பைப் பற்றிக் கேட்டவருக்கு: ஆங்கிலத்தை மறந்துவிட்டுத் தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். தலையில் நெளிகோடு போட்ட அவர்களுடைய எழுத்து நம் ஞ. மஞானா என்றால் நாளை, தஞ்சாவூர்ப் பிள்ளைக்குத் தடுக்குமா? நீ, நீங்கள் வித்தியாசமும் அங்கே உண்டு, தூ, உஸ்தெத். ஆங்கிலத்தில் இது இல்லாததால் ஆங்கிலேயர்களுக்கு வருஷக்கணக்கில் குழப்பம் என்பார்கள். எங்கள் வகுப்பில் ஒரே கேள்விதான் வந்தது: "ஹெச்.எம்.க்கு எது?"

நவம்பர் 3

மெக்சிகோவின் இறந்தோர் நாளுக்கு வகுப்பில் படையல் மேசை, சர்க்கரை மண்டை ஓடு எல்லாம் செய்யலாம் என்று நினைத்திருந்தேன். ஆகஸ்டுக்குப் பிறகு கொஞ்சம் யோசித்துத்தான் எதையும் செய்கிறேன். விட்டுவிட்டேன்.

நேற்று நவம்பர் 2. வேளாங்கண்ணிப் பக்கம் உறவுள்ள பெண் ஒருத்தி இன்று வந்து அவளாகவே சொன்னாள். தாத்தா போன முதல் வருஷம். கல்லறையைக் கழுவி, துலுக்கச் சாமந்தி மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, சாமியார் வந்து மந்திரிக்கும்வரை நின்றார்களாம். அங்கேயும் அதே நாள், அதே பூ. அந்தப் பூவுக்கே சொந்த ஊர் மெக்சிகோதான், நாவாத் மொழியில் அதன் பெயருக்கு 'இருபது பூ' என்று அர்த்தம். இதைச் சொல்லலாமா என்று ஒரு கணம் தயங்கினேன், சொன்னேன்.

அவள் கேட்டது வேறு. "அங்க ஏன் டீச்சர் மண்டை ஓட்டுக்குச் சிரிச்ச மூஞ்சி வைக்கிறாங்க? எங்க ஆயா நேத்து பூரா அழுதாங்க." இறந்தவர்கள் அன்று ராத்திரி வீட்டுக்கு வருகிறார்கள் என்று அவர்கள் நம்புகிறார்கள், வருகிறவரை யாராவது அழுதுகொண்டு வரவேற்பார்களா என்றேன். எங்கள் பக்கம் அமாவாசைக்குக் காக்கையைக் கூப்பிடும்போது யாரும் சிரிப்பதில்லையே என்று சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. இதற்கு இணை தேடாமல் அப்படியே விட்டேன். வீட்டுக்குப் போய் ஆயாவிடம் சொல்கிறேன் என்றாள்.

நவம்பர் 6

தொடங்கிவைத்தவர் திரும்பி வந்திருக்கிறார். மகளின் சார்ட்டுக்குப் பத்துக்கு ஒன்பதாம், ஒரு மார்க் பிரேசிலுக்குப் போயிற்றாம். பூம்புகாருக்குக் கூட்டிப்போய்க் கடலைக் காட்டினாராம், இந்தக் கடலில் நேராகப் போனால் ஸ்பெயின் வருமா என்று மகள் கேட்டாளாம். அந்தத் திசையில் அந்தமான் வரும், அதையும் தாண்டி இன்னும் போனால் பிலிப்பைன்ஸ்.

புங்கமரத்துக் கூட்டம் இன்னும் நடக்கிறது, என்னைக் கேட்காமலே. குழாயடியில் யார் முதலில், கிரிக்கெட் மட்டை யார் வீட்டில் என்ற வழக்குகள் மட்டும். வயல் வழக்கு எடுப்பதில்லை என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். அன்று சாப்பிடாமல் இருந்தவன் இப்போது நீதிபதிகளில் ஒருவன். வலென்சியாவிலும் பல வியாழக்கிழமைகளில் வழக்கே இருக்காது, வாய்க்கால் பெயர்களைக் கூப்பிட்டுவிட்டுக் கலைந்துவிடுவார்கள் என்று படித்திருந்தேன்.

இன்று மதியம் ஒருத்தி எட்டுத் தெருவின் பெயரையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். யாரும் முன்னே வரவில்லை. குடைத்துணியை மடித்து வைத்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.